பிஎச்பி செயலிகளில் லாகின் செஷன்: பெங்களூருவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கங்களிலிருந்து பெங்களூருவுக்கு வந்து சிறு மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அல்சூரில் உள்ள என் வீட்டு மொட்டைமாடியில் கூடுவது வழக்கம். அவர்கள் எடுத்து வரும் நிரல்களில் பெரும்பாலானவை, இணையப் பக்கங்களை சர்வரில் உருவாக்கும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டவை. பிஜி விடுதியின் வாடகைக் கணக்கு, அடுக்குமாடிச் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம், சீட்டு வசூல் பதிவு என்று பயன்பாடு மாறுகிறதே தவிர, தடுமாற்றம் என்னவோ பெரும்பாலும் லாகின் செஷனில், அதாவது உள்ளே நுழைந்தவரை அடுத்தடுத்த பக்கங்களிலும் நினைவில் வைக்கும் ஏற்பாட்டில்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: கடவுச்சொல்லை ஒருமுறைதான் வாங்குகிறோம். அடுத்த பக்கத்தைத் திறக்கும்போது இவர் இன்னார் என்பது சர்வருக்கு எப்படித் தெரிகிறது?

சர்வருக்கு இயல்பாக எதுவும் நினைவில் இருப்பதில்லை. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புதியதுதான். கோயில் வாசலில் செருப்பை விடும்போது கொடுக்கிறார்களே ஒரு டோக்கன், அதையே பிஎச்பியும் செய்கிறது. செஷன்_ஸ்டார்ட் என்ற செயற்கூறு ஊகிக்க முடியாத ஓர் எண்ணை உருவாக்கி, பிஎச்பிசெஸ்ஐடி என்ற பெயருள்ள குக்கியாக (உலாவி சேமித்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) உலாவிக்கு அனுப்புகிறது. $_செஷன் என்ற மதிப்புத் தொகுப்பில் (அணி) நீங்கள் எழுதுபவை அனைத்தும் சர்வரிலேயே, வேறு அமைப்பு எதுவும் செய்யாதவரை, அந்த எண்ணைத் தன் பெயரில் கொண்ட ஒரு கோப்பில் சேமிக்கப்படுகின்றன. செருப்பு அவர்களிடம், டோக்கன் நம்மிடம்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொண்டால் கீழே வரும் பதில்கள் பாதி தாமாகவே விளங்கும். செருப்புக் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறார். கடவுச்சொல்லை பாஸ்வேர்ட்_ஹேஷ் கொண்டு உருமாற்றி எவ்வளவு கவனமாகக் காத்தாலும், உள்ளே நுழைந்த பிறகு அந்த செஷன் எண்தான் பயனர். அது யார் கையில் இருக்கிறதோ அவரே லாகின் செய்தவர்.

கேள்வி: செஷன் எதற்கு? பயனர் எண்ணையே குக்கியில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததே?

குக்கி இருப்பது பயனரின் உலாவியில். அதை அவர் விருப்பம்போல் திருத்தலாம். பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்த ஒரு வசூல் செயலியில் பயனர் எண் 57 என்று குக்கியில் அப்படியே இருந்தது. அதை 1 என்று மாற்றிப் பக்கத்தைப் புதுப்பித்தேன். முதலாளியின் கணக்கு திறந்துகொண்டது. அன்று மதியம் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கேள்வி: என் லேப்டாப்பில் லாகின் நன்றாக வேலை செய்கிறது. சர்வரில் ஏற்றினால், தலைப்புகள் முன்பே அனுப்பப்பட்டுவிட்டன என்ற எச்சரிக்கை வருகிறது. ஏன்?

குக்கி என்பது பதிலின் தலைப்புப் பகுதியில் போக வேண்டியது. பக்கத்தின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து வெளியே போய்விட்டாலும் அதன் பிறகு தலைப்பை அனுப்ப முடியாது. பிஎச்பி தொடக்கக் குறிக்கு முன் இருக்கும் ஒரு வெற்று வரியோ, சேர்க்கப்படும் கோப்பின் முடிவுக் குறிக்குப் பின் இருக்கும் இடைவெளியோ போதும், செஷன் தொடங்காது.

தமிழில் எழுதுவோருக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பக்கத்தில் தமிழ் எழுத்து இருப்பதால் கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமிப்போம். விண்டோஸின் பழைய நோட்பேட் அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டு கொண்ட பிஓஎம் குறியைச் சேர்த்துவிடும். 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்துதான் நோட்பேடின் இயல்பு அமைப்பு அந்தக் குறி இல்லாததாக மாறியது. பழைய கோப்புகளில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். லேப்டாப்பில் பிழை தெரியாததற்குக் காரணம், சொந்தக் கணினியில் சோதிக்க நிறுவும் எக்ஸ்ஏஎம்பிபி போன்ற சர்வர் தொகுப்புகளில் வெளியீட்டு இடையகம் 4096 பைட்டு என்று வைக்கப்பட்டிருப்பதுதான். உள்ளடக்கம் சற்று நேரம் தேக்கி வைக்கப்படுவதால் தலைப்பு தப்பித்துவிடுகிறது. சர்வரிலும் இடையகத்தைப் போட்டு மறைத்துவிடலாம்தான், ஆனால் குறியை நீக்குவதே முறை.

கேள்வி: லாகின் ஆனவுடன் செஷன் எண்ணை மாற்றச் சொல்கிறார்கள். எண்தான் ஏற்கெனவே ஊகிக்க முடியாததாக இருக்கிறதே?

ஊகிக்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு வழி இருக்கிறது. ஒருவன் தனக்குத் தெரிந்த எண்ணுள்ள டோக்கனை முன்கூட்டியே உங்கள் சட்டைப் பையில் போட்டுவிடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதைக் காட்டிச் செருப்பை விடுகிறீர்கள். அதே எண்ணுள்ள நகல் டோக்கனோடு அவன் வந்து எடுத்துப் போகிறான். லாகினுக்கு முன் இருந்த எண்ணே லாகினுக்குப் பின்னும் தொடரும் செயலிகளில் இது நடக்கும்.

கடவுச்சொல் சரி என்று உறுதியானவுடன், $_செஷனில் பயனர் எண்ணை எழுதுவதற்கு முன், செஷன்_ரீஜெனரேட்_ஐடி செயற்கூற்றை ட்ரூ என்ற மதிப்புடன் அழையுங்கள். புதிய எண் உருவாகும், பழைய எண்ணுக்குரிய கோப்பு அழியும். கூடவே செஷன்.யூஸ்_ஸ்ட்ரிக்ட்_மோட் அமைப்பை 1 ஆக்குங்கள். இது 5.5.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனால் இயல்பாக அணைந்தே கிடக்கிறது. அணைந்திருக்கும்போது, உலாவி கொண்டுவரும் எந்த எண்ணையும், தான் கொடுக்காததாக இருந்தாலும், பிஎச்பி தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது.

ஒவ்வொரு கோரிக்கையிலும் எண்ணை மாற்றினால் இன்னும் பாதுகாப்புதானே என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். பர்ப்பிள் லைன் மெட்ரோவில் மெஜஸ்டிக்கை நெருங்கும்போது ரயில் சுரங்கத்துக்குள் போகிறது. கோரிக்கை சர்வரை அடைந்து எண் மாறிவிட்டது, புதிய எண்ணைச் சுமந்து வந்த பதில் மட்டும் வழியில் தொலைந்தது என்றால், பயனரின் கையில் செல்லாத டோக்கன்தான் மிஞ்சும். லாகினின்போதும், உரிமை உயரும்போதும் மாற்றினால் போதும்.

கேள்வி: நிரலின் தொடக்கத்தில், அமைப்புகளை மாற்றும் இனி_செட் செயற்கூறு மூலம் செஷன் ஆயுளை 8 மணி நேரம் ஆக்கினேன். ஆனாலும் அரை மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. என்ன பிழை?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விடை பிஎச்பியில் பாதி, சர்வரில் பாதி இருப்பதால் தேடுவோர் களைத்துப்போகிறார்கள்.

முதலில் பிஎச்பியின் பக்கம். செஷன்.ஜிசி_மேக்ஸ்லைஃப்டைம் என்பதன் இயல்பு மதிப்பு 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஆனால் 24 நிமிடம் ஆனவுடன் செஷன் செத்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. அவ்வளவு நேரம் தொடப்படாத கோப்பைக் குப்பையாகக் கருதலாம் என்பது மட்டுமே பொருள். குப்பை அள்ளும் வேலை ஒவ்வொரு கோரிக்கையிலும் நடப்பதில்லை. பிஎச்பியின் உள்ளமைந்த மதிப்புகளின்படி 100க்கு 1 என்ற வாய்ப்பில்தான் நடக்கிறது. ஆகவே ஆள் நடமாட்டம் குறைந்த தளத்தில் பழைய செஷன் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கூட்டம் உள்ள தளத்தில் உடனே போய்விடும்.

இனி சர்வரின் பக்கம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்களில் பிஎச்பியின் இந்தத் துப்புரவு வேலை முழுமையாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு மணி நேரத்திலும் 9ஆம் நிமிடத்திலும் 39ஆம் நிமிடத்திலும் ஒரு தனி நிரல் ஓடி, இயல்பான செஷன் கோப்பகத்தைச் சுத்தம் செய்கிறது. அந்த நிரல் ஆயுளை பிஎச்பி.இனி என்ற அமைப்புக் கோப்பிலிருந்து படிக்கிறது. உங்கள் நிரலுக்குள் நீங்கள் இட்ட இனி_செட் கட்டளை அதன் கண்ணில் படுவதே இல்லை. நீங்கள் 8 மணி நேரம் என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்க, வெளியே துடைப்பத்தோடு வருபவருக்கு 24 நிமிடம் என்ற உத்தரவுதான் கிடைத்திருக்கிறது.

ஒரே சர்வரில் பல தளங்கள் ஒரே கோப்பகத்தைப் பகிர்ந்துகொண்டாலும் இதே கதிதான்: யார் மிகக் குறைந்த ஆயுளை வைத்திருக்கிறாரோ அவருடைய துப்புரவு மற்றவர் கோப்புகளையும் அள்ளிக்கொண்டு போகும். எனவே உங்கள் செயலிக்கென்று ஒரு தனிக் கோப்பகத்தை செஷன்.சேவ்_பாத் வழியாகக் கொடுத்து, ஆயுளையும் துப்புரவு வாய்ப்பையும் அதற்கே உரியதாக அமையுங்கள். அந்தக் கோப்பகம் இணையத்திலிருந்து எட்டக்கூடிய இடத்தில் இருக்கக் கூடாது.

அதற்கும் மேலாக, லாகின் காலாவதியைக் குப்பை வண்டியை நம்பி விடாதீர்கள். கடைசியாக வந்த நேரத்தையும் லாகின் ஆன நேரத்தையும் $_செஷனில் எழுதிவைத்து, ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஒப்பிடுங்கள். சும்மா இருக்கும் நேரத்துக்கு, இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல் தரும் ஓவாஸ்ப் அமைப்பு சொல்லும் வழக்கமான அளவு, பணம் புழங்கும் செயலிகளுக்கு 2 முதல் 5 நிமிடம், ஆபத்து குறைந்தவற்றுக்கு 15 முதல் 30 நிமிடம். விடுதி வாடகைக் கணக்கெழுதும் அம்மாவை 2 நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளினால் அவர் கடவுச்சொல்லைத் திரையிலேயே ஒட்டிவைத்துவிடுவார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: குக்கிக்கு என்னென்ன பண்புகள் வைக்க வேண்டும்?

மூன்று. எச்டிடிபிஒன்லி இருந்தால் பக்கத்தில் புகுந்த தீய ஜாவாஸ்கிரிப்ட் செஷன் எண்ணைப் படிக்க முடியாது. செக்யூர் இருந்தால் மறையாக்கம் இல்லாத இணைப்பில் குக்கி போகாது. சேம்சைட் என்பது வேறு தளத்திலிருந்து கிளம்பும் கோரிக்கைகளில் குக்கி கூடப் போகலாமா என்று தீர்மானிக்கிறது. இதை நேரடியாக அமைக்கும் வசதி பிஎச்பி 7.3இல் வந்தது. 8.4 பதிப்பு வரையில் இந்த மூன்றும் இயல்பாக வைக்கப்படாதவை என்பதால் நீங்கள்தான் வைக்க வேண்டும். முகவரியிலேயே செஷன் எண்ணைச் சுமந்து போகும் பழைய முறையை 2024இல் வந்த 8.4 கைவிடத் தொடங்கிவிட்டது, நீங்களும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வரும்போது மட்டும் லாகின் போய்விடுகிறது. நாங்கள் சோதித்தபோதெல்லாம் சரியாகவே இருந்தது. எங்கே தேடுவது?

இந்தக் கேள்வியோடு வந்த தம்பி ஒருவர் மூன்று இரவுகள் தூங்கவில்லை. பணம் செலுத்தும் தளங்களில் பல, வேலை முடிந்ததும் ஒரு படிவத்தைத் தாமே போஸ்ட் முறையில் (தரவை அனுப்பும் கோரிக்கை வகை) உங்கள் தளத்துக்குச் சமர்ப்பித்துப் பயனரைத் திருப்பி அனுப்புகின்றன. சேம்சைட் லாக்ஸ் என்ற விதியின்படி, வேறு தளத்திலிருந்து இணைப்பை அழுத்தி வரும் கெட் (பக்கத்தைக் கேட்கும்) கோரிக்கையில் குக்கி வரும். போஸ்ட் கோரிக்கையில் வராது. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், எதையும் குறிப்பிடாத குக்கியும் லாக்ஸ் என்றே கொள்ளப்படும் ஏற்பாடு தொடங்கியது.

சோதனையில் ஏன் தெரியவில்லை? சேம்சைட் எதுவும் குறிப்பிடப்படாத குக்கிக்கு, அது உருவாகி 2 நிமிடம் ஆகும் வரை போஸ்டிலும் அனுப்பலாம் என்று குரோம் ஒரு சலுகை வைத்தது. நீங்கள் லாகின் செய்த கையோடு சோதனை அட்டையை அழுத்தி ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடுகிறீர்கள். வாடிக்கையாளரோ அட்டையைத் தேடி, ஓடிபி வரக் காத்திருந்து, 4 நிமிடம் கழித்துத் திரும்புகிறார்.

இதோடு போனாலும் பரவாயில்லை. உங்கள் திரும்புமிடப் பக்கத்தின் முதல் வரியில் செஷன்_ஸ்டார்ட் இருக்கிறது. குக்கி வராததால் அது புதிய வெற்றுச் செஷனைத் தொடங்கி, புதிய எண்ணை அதே பெயரில் உலாவிக்கு அனுப்புகிறது. உலாவியில் பத்திரமாக இருந்த நல்ல டோக்கன்மேல் வெற்று டோக்கன் எழுதப்படுகிறது. லாகின் உண்மையில் தொலைவது இந்த இடத்தில்தான்.

சேம்சைட் நன் என்று வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். செருப்புக் கடைக்குக் கதவே வேண்டாம் என்பது போன்ற தீர்வு அது. நான் செய்வது வேறு. திரும்புமிடப் பக்கத்தில் செஷனைத் தொடவே மாட்டேன். பணம் செலுத்தும் தளம் அனுப்பிய கையொப்பத்தை நம்மிடம் உள்ள ரகசியத் திறவுகோலால் கணக்கிட்டு, ஹேஷ்_ஈக்வல்ஸ் கொண்டு ஒப்பிட்டு, ஆர்டர் எண்ணை வைத்துத் தரவுத்தளத்தில் பதிந்துவிட்டு, 303 என்ற நிலைக்குறியோடு நம் தளத்தின் ரசீதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுவேன். அந்தத் திருப்பம் கெட் கோரிக்கையாகப் போவதால் பழைய குக்கி அப்படியே கூட வரும், லாகினும் இருக்கும். பணம் வந்ததா என்பதைப் பயனரின் செஷன் தீர்மானிக்கக் கூடாது என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நன்மை. பாதி வழியில் உலாவியை மூடிவிடுபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஒரே உலாவியில் இரண்டு தாவல்களைத் திறந்தால் ஒன்று முடியும் வரை மற்றது நிற்கிறது. சர்வர் போதவில்லையா?

சர்வரை மாற்றுவதற்கு முன் வேறோர் உலாவியில் வேறொரு பயனராக நுழைந்து பாருங்கள். அது உடனே திறந்தால் குற்றவாளி செஷன் பூட்டுதான். கோப்பில் சேமிக்கும் முறையில், செஷன்_ஸ்டார்ட் அழைக்கப்பட்டதும் அந்தக் கோப்பு பூட்டப்படுகிறது; நிரல் முடியும்போதுதான் திறக்கிறது. ஒரே பயனரின் அடுத்த கோரிக்கை வாசலில் நிற்கும். முகப்புப் பக்கம், பின்னணியில் போகும் ஆறு அஜாக்ஸ் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, ஒவ்வொன்றும் 2 விநாடி எடுத்தால், கடைசி ஆள் 12 விநாடி காத்திருப்பார்.

தேவையானதைப் படித்தவுடன் செஷன்_ரைட்_க்ளோஸ் அழைத்துப் பூட்டை விடுவியுங்கள். அதன் பிறகு $_செஷனில் எழுதுவது சேமிக்கப்படாது என்பதை மறக்க வேண்டாம். படிப்பது மட்டுமே வேலை என்றால், பிஎச்பி 7.0 முதல் ரீட்_அண்ட்_க்ளோஸ் என்ற தெரிவை செஷன்_ஸ்டார்ட்டுக்கே கொடுக்கலாம். பெரிய அறிக்கையைப் பதிவிறக்கும் பக்கங்களில் இது கட்டாயம்.

கேள்வி: லாக்அவுட்டுக்கு செஷன்_டிஸ்ட்ராய் போதாதா?

அது சர்வரில் உள்ள தரவை மட்டும் அழிக்கிறது. நடப்புக் கோரிக்கையில் $_செஷன் நிரம்பியபடியே இருக்கும், உலாவியில் குக்கியும் இருக்கும். அணியை வெறுமையாக்குங்கள், குக்கியை அது வைக்கப்பட்ட அதே பாதையும் களமும் கொடுத்துப் பழைய தேதியிட்டுக் காலாவதியாக்குங்கள், பிறகு அழியுங்கள். லாக்அவுட்டை வெறும் இணைப்பாக வைக்காமல் போஸ்ட் படிவமாக வைப்பது நல்லது.

லாக்அவுட் செய்த பிறகு பின்செல் பொத்தானை அழுத்தினால் பழைய பக்கம் தெரிகிறது என்பார்கள். செஷன் தொடங்கும் பக்கங்களைச் சேமித்து வைக்காதே என்ற தலைப்பை பிஎச்பி இயல்பாகவே அனுப்புகிறது. 1981 நவம்பர் 19 என்ற காலாவதித் தேதியை அந்தத் தலைப்புகளில் பார்த்து வியந்தவர்கள் இருப்பீர்கள். யாராவது செஷன்.கேஷ்_லிமிட்டர் அமைப்பை மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என்னை நினைவில் வைத்துக்கொள் என்ற வசதிக்குச் செஷன் குக்கியின் ஆயுளை 30 நாள் ஆக்கிவிடலாமா?

குக்கி 30 நாள் இருந்தாலும் சர்வரில் கோப்பு இருக்காது. இருக்க வைத்தால் ஒரு மாதம் முழுவதும் ஒரே டோக்கன் ஊர் சுற்றும். தனிக் குக்கி வையுங்கள். ராண்டம்_பைட்ஸ் கொண்டு 32 பைட்டு உருவாக்கி உலாவிக்குக் கொடுத்து, அதன் எஸ்எச்ஏ-256 சுருக்கத்தை (மூலத்தை மீட்க முடியாத உருமாற்றம்) மட்டும் தரவுத்தளத்தில் வையுங்கள். ஒருமுறை பயன்பட்டதும் அதை அழித்துப் புதியதைக் கொடுங்கள். இந்த வழியில் வந்தவரிடம், வங்கிக் கணக்கு விவரம் மாற்றுவது போன்ற வேலைகளுக்கு முன் கடவுச்சொல்லை மறுபடி கேளுங்கள்.

கேள்வி: ஐபி முகவரி மாறினால் செஷனை வெட்டிவிடலாமா?

கூடாது. அலுவலக வைஃபையிலிருந்து படியிறங்கி மாரத்தஹள்ளிப் பேருந்து நிறுத்தத்துக்கு வருவதற்குள் கைபேசியின் முகவரி மாறிவிடும்.

கேள்வி: இரண்டாவது சர்வர் சேர்த்ததும் பயனர்கள் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கிறார்கள்.

முதல் சர்வர் கொடுத்த டோக்கனை இரண்டாவதிடம் காட்டினால் அதனிடம் செருப்பு இல்லை. செஷனை இரண்டுக்கும் பொதுவான ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்தில் வையுங்கள்; செஷன்.சேவ்_ஹேண்ட்லர் அமைப்பை மாற்றினால் நிரலில் பெரும்பாலும் வேறு மாற்றம் தேவைப்படாது. ஆனால் பிஎச்பிரெடிஸ் நீட்சியில் செஷன் பூட்டு இயல்பாக அணைந்திருக்கும். வேகம் கூடிவிட்டது என்று மகிழும் வேளையில், ஒரே நேரத்தில் எழுதும் இரண்டு கோரிக்கைகளில் பின்னால் முடிவது முன்னதை அழித்துவிடும். செஷனில் வணிகக் கூடை போன்றவற்றை வைத்திருந்தால் பூட்டை இயக்குங்கள், அல்லது அவற்றைத் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். செஷனில் பயனர் எண்ணும் சில நேரக் குறிப்புகளும் இருந்தால் போதும்.

கேள்வி: பயனர் கைபேசியைத் தொலைத்துவிட்டார். எல்லாக் கருவிகளிலிருந்தும் அவரை எப்படி வெளியேற்றுவது?

தரவுத்தளத்தின் பயனர் அட்டவணையில் செஷன் பதிப்பு என்று ஓர் எண்ணுக்கான நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். லாகினின்போது அந்த எண்ணை $_செஷனிலும் எழுதுங்கள். ஒவ்வொரு கோரிக்கையிலும் இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். கடவுச்சொல் மாறும்போதும், பயனர் கேட்கும்போதும் தரவுத்தளத்தில் உள்ள எண்ணை ஒன்று கூட்டினால், ஊரெங்கும் உள்ள அவருடைய பழைய டோக்கன்கள் அடுத்த கோரிக்கையிலேயே செல்லாமல் போகும். நினைவில் வைக்கும் குக்கிகளுக்கான வரிசைகளையும் அப்போதே அழித்துவிட வேண்டும். இதை மறந்ததால், தொலைந்த கைபேசி மறுநாளே தானாக உள்ளே வந்துவிட்ட செயலியையும் பார்த்திருக்கிறேன்.